தூண்டில் நாணும் ஈயக் குண்டும்

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வாளை மீன் வருகிறது. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்த வழிநடைப் பாட்டில், நீர்நிலை ஒன்றைக் கடக்கும் இடத்தில் அது நம் கண்ணில் படுகிறது. பாண்மகன் ஒருவன் பச்சை இறைச்சியை இட்ட தோற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெடிய மூங்கிற்கோலின் நுனியில் நாணைக் கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரையைப் பொதிந்து நீரில் விட்டிருக்கிறான். மீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிட்டது. முள் வெறுமையாகக் கிடக்கிறது. தப்பிய வாளையோ, அதன்பின் கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் ஆடினாலும் தூண்டிற்கோல்தானோ என்று அஞ்சுகிறது.

வகுப்பறையில் இப்பகுதியை நடத்துகிற நாம், பெரும்பாலும் மீனின் அச்சத்தை வியந்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். சற்று நின்று, புலவர் எந்தெந்தக் கருவிகளைச் சொல்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் வேறொரு செய்தி புலப்படும். கோல் இருக்கிறது. நாண் இருக்கிறது. முள் இருக்கிறது. இரையும் இரைப்பையும் இருக்கின்றன. இன்று கெடிலக் கரையில் தூண்டில் போடுகிற சிறுவனிடம் கேட்டால் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்வான்: மேலே மிதக்கத் தக்கை, கீழே அமிழ ஈயக் குண்டு. இவ்விரண்டும் பாட்டில் இல்லை.

புலவர் மறந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். தோற்பை எவ்விடத்தில் கட்டப்பட்டிருந்தது என்பது வரை கவனித்தவர் குண்டை மட்டும் காணாமல் விட்டிருப்பார் என்று எண்ண நமக்கு மனம் வரவில்லை. அந்தத் தூண்டிலுக்கு அவை தேவைப்படவில்லை என்றே தோன்றுகிறது. இக்கருத்துக்குத் துணையாக வேறு இரு பாடல்களைக் காட்டலாம்.

அகநானூற்றின் 36ஆம் பாடல் மதுரை நக்கீரர் பாடியது. அதில் வருவது வரால். நம் பேச்சில் விரால். இரையோடு முள்ளையும் விழுங்கிய அந்தப் பெருமீன், ஆம்பல் இலைகள் கிழிய, குவளை மலர்கள் சிதற, வள்ளைக் கொடிகளைக் குழப்பியடித்துக்கொண்டு பாய்கிறது; தூண்டிற்காரன் இழுத்த இழுப்புக்கு வராமல், கயிறு பூட்டிய முரட்டுக் காளையைப் போலக் குளத்தைக் கலக்குகிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டியவை ஆம்பலும் குவளையும் வள்ளையும்தான். இம்மூன்றும் ஆழமற்ற தேங்கு நீரில் வளர்பவை. அந்த நீரில் குண்டு கட்டிய நாணை இறக்கினால் அது கொடிகளில் சிக்கிக்கொண்டு வராது. விராலைப் பிடிக்க ஆழத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. மூச்சு விடவே மேலே வந்து போகிற மீன் அது.

மற்றொன்று குறுந்தொகையின் 54ஆம் பாடல். தினைக் காவலரின் கவண் ஒலிக்கு வெருண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலைக் கைவிடுகிறது. மூங்கில் விர்ரென்று மேலெழுகிறது, மீனைக் கவர்ந்து வெளியே எறியும் தூண்டிற்கோலைப் போல. இந்த உவமையின் அழகுக்காகவே புலவரின் சொந்தப் பெயர் மறைந்து, மீனெறி தூண்டிலார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுண்டி எறிகிற தூண்டில் என்றால் நாண் கோலின் நீளத்துக்கு மேல் அதிகம் போகாது. நாண் குறுகியது, நீர் ஆழமற்றது, மீன் மேலே இருக்கிறது. சங்கப் பாடல்களில் நாம் காணும் மருதநிலத் தூண்டில் இதுதான்.

திருக்குறளின் 931ஆம் குறளில் சூதில் கிடைத்த வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிற் பொன்னுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். பரிமேலழகர் அந்தப் பொன்னை இரையால் மறைக்கப்பட்ட இரும்பு என்று விளக்குகிறார். அங்கும் முள்ளும் இரையுமே பேச்சு.

அப்படியானால் நாணில் கனம் ஏறியது எப்போது, எதற்காக? இக்கேள்வி நம்மிடம் வந்த வழி சற்று விந்தையானது. கனடாவில் குடியேறிய நம் பழைய மாணவர் ஒருவர், ஒன்டாரியோ ஏரியில் படகில் போய் மீன்பிடிக்கக் கற்றுக்கொண்டு, அங்கே பயன்படுத்தும் 'டவுன்ரிக்கர்' என்ற கருவிக்கும், ஈயம் பொதிந்த நூலைத் துண்டு துண்டாகக் கோத்து இழுக்கும் முறைக்கும் தமிழில் என்ன பெயர் என்று கேட்டு எழுதியிருந்தார். பெயர் சொல்வது எளிது. எதையேனும் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடலாம். ஆனால் பொருள் நம்மிடம் இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

ஈயத்திலிருந்தே தொடங்குவோம். ஈயம் என்ற சொல்லை மொழிநூலார் வடபுலத்துச் 'சீசம்' என்பதன் வழி வந்ததாகக் காட்டுவர். சீயம் முதலெழுத்தின் மெய்யை இழந்து ஈயமாயிற்று. வெள்ளீயமும் காரீயமும் வேறுவேறு உலோகங்கள் என்றாலும் தமிழ் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கி, நிறத்தால் மட்டும் பிரித்தது. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டுவது காரீயம். நம் கரைக்கும் காரீயத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த சாதவாகனர் காலத்து ஈயக் காசுகள் சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்தவை என்று நாணயவியலார் குறிப்பர். பிற்காலத்தில், 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் விலைக்கு வாங்கினார்கள். அவர்களது கப்பல்கள் இங்கிருந்து துணியை ஏற்றிச் சென்றன. அங்கிருந்து கொண்டுவந்த சரக்குகளில் ஈயமும் ஒன்று.

கல்லும் கனம்தானே, ஈயம் எதற்கு என்று கேட்கலாம். நீருக்குள் இறங்கிய பொருள் தான் ஒதுக்கிய நீரின் எடையை இழக்கிறது. கருங்கல் இவ்வகையில் தன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஈயம் பத்திலொரு பங்குகூட இழப்பதில்லை. மேலும் ஒரே எடைக்கு ஈயத்தின் உருவம் மிகச் சிறியது. ஓடும் நீர் அதைத் தள்ள இடமில்லை. கத்தியால் வெட்டலாம், பல்லால் கடித்து நூலில் இறுக்கலாம், அடுப்பில் உருக்கி மணலில் வார்க்கலாம். இவ்வளவு வசதியான உலோகம் வேறில்லை. பல்லால் கடிக்கும் பழக்கத்தைப் பற்றிப் பின்னர் ஒரு சொல் உண்டு.

நெல்லிக்குப்பம் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட ஊர். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம். நடுவே கரும்புக் கொல்லைகள். மழைக்காலத்து நீர் வடிந்து ஆற்றில் மடுக்கள் தேங்கும் மாதங்களில் இங்கே தூண்டில் போடாத சிறுவர் குறைவு. பேச்சில் அது தூண்டில் அல்ல, தூண்டி. முள், நரம்பு, தக்கை, குண்டு என்று நான்கே உறுப்புகள். தக்கைக்கு நெட்டியோ சோளத் தட்டையோ போதும். குண்டு என்பது ஈயத் தகட்டில் வெட்டிச் சுருட்டிய ஒரு துணுக்கு. மிளகளவு இருந்தால் பெரிது. இந்தத் துணுக்கின் வேலை ஆழத்துக்குக் கொண்டுபோவது அன்று. மண்புழுவையும் முள்ளையும் நேராக நிறுத்தி, தக்கையைச் செங்குத்தாக்கி, கெண்டை கொத்துவதைக் கரையில் இருப்பவனுக்குக் காட்டுவதே அதன் வேலை. ஆற்றங்கரைக் குண்டு ஒரு தூதன் என்று சொல்லலாம், சுமைகாரன் அன்று.

சுமைகாரனைக் காண வேண்டுமானால் கெடிலத்தோடு கடலூருக்குப் போக வேண்டும். கடலில் மூன்று சிக்கல்கள் சேர்ந்துகொள்கின்றன. ஆழம் பாகக் கணக்கில் இருக்கிறது. விரித்த இரு கைகளின் அளவு ஒரு பாகம். நீருக்குள் நீவாடு ஓடுகிறது. மேலே ஒரு திசை என்றால் அடியில் வேறு திசை. மூன்றாவதாகப் படகும் நிற்பதில்லை. இம்மூன்றையும் மீறி முள் ஓரிடத்தில் நிற்க வேண்டுமென்றால் கனம் வேண்டும். வலையிலும் இதே கணக்குதான். மேல் கயிற்றில் மிதப்பு, அடிக் கயிற்றில் ஈயம்; இவ்விரண்டின் இழுபறியில்தான் வலை நீருக்குள் சுவராக நிற்கிறது. பருத்தி நூலும் சணலும் வழங்கிய காலத்தில் பனிச்சைக் காயின் துவர்ச்சாற்றில் ஊறவைத்து அவற்றை உப்புநீரிலிருந்து காத்தார்கள். நைலான் வந்தபின் அந்தத் துவர்ப்பும் வேலையும் போயின.

கடற்கரைத் தொழிலின் நுட்பங்களை எழுத்தில் பதிந்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1902இல் ஹெர்ட்மனுக்குத் துணையாக இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்த அவர், பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். அத்துறையை 1907இல் தோற்றுவித்தவர் பிரடெரிக் நிக்கல்சன்; கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வித்திட்ட அறிக்கையை எழுதிய அதே நிக்கல்சன்தான். ஹார்னெல் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைப் பற்றி 1920களில் எழுதியதும், கட்டுமரம் முதலான கலங்களின் அமைப்பைப் பற்றி 1920இல் எழுதியதும் இன்றும் ஆராய்ச்சியாளருக்குக் கைவிளக்கு. நம் கரைத் தொழிலின் வரலாற்றை அறிய ஓர் ஆங்கிலேய அதிகாரியின் நூலைத் தேடிப் போக வேண்டியிருப்பதில் நமக்குச் சற்று நாணம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். கலிங்கத்துப்பரணிக்கு எத்தனை உரைகள் எழுதியிருக்கிறோம்!

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்லும் முறையும் நம் கடலில் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் குமரிக் கரையிலும் வஞ்சிரத்தையும் சூரையையும் பாய்மரக் கலங்களிலிருந்து இவ்வாறு பிடித்துவந்தனர். தென்கரையார் வஞ்சிரத்தைச் சீலா என்றும் நெய்மீன் என்றும் சொல்வர். ஓடுகிற இரையைத் துரத்தும் குணமுள்ள மீன்கள் இவை. இரை நின்றால் திரும்பிப் பாரா. இம்முறையை ஆங்கிலத்தில் 'ட்ரோலிங்' என்பர். இதையும், அடிநிலத்தை வாரிக்கொண்டு வரும் 'ட்ராலிங்' வலையையும் செய்தித்தாள்கள் ஓயாமல் குழப்புகின்றன. ஒன்று ஒரு முள்ளால் ஒரு மீனைப் பிடிப்பது. மற்றொன்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளுவது. இழுவை என்ற சொல் வலைக்குப் போய்விட்டதால், இக்கட்டுரையில் இதனை இழுதூண்டில் என்று எழுதுவோம்.

இழுதூண்டிலின் சிக்கல் மிக எளிதாக விளங்கக்கூடியது. கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிப் படகிலிருந்து தொங்கவிட்டால் அது நேரே கீழே போகும். படகு நகர்ந்தால் நீரின் எதிர்ப்பு கயிறு முழுவதையும் பின்னுக்குத் தள்ளும். கயிறு சாய்ந்து மேலெழும். வேகம் கூடக் கூட இரை மேற்பரப்புக்கே வந்துவிடும். வஞ்சிரம் மேல்நீரில் வேட்டையாடுவதால் கடலில் இது பெரிய குறையாக இல்லை. மீன் 20 மீட்டர் கீழே இருந்துகொண்டு, ஓடும் இரையைத்தான் தின்பேன் என்று சொன்னால்தான் தொல்லை. ஓடவும் வேண்டும், ஆழத்திலேயே இருக்கவும் வேண்டும்.

அந்தத் தொல்லை குளிர்நாட்டு ஏரிகளில் எழுந்தது. நீர் 4 பாகை வெப்பத்தில்தான் மிகக் கனமாக இருக்கும். ஆழமான ஏரியில் கோடைக்காலத்தில் சூடேறிய நீர் மேலே மிதக்க, குளிர்நீர் கீழே படிந்துவிடும்; இடையில் வெப்பம் சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உண்டாகும். ஏரி டிரௌட், சார் போன்ற மீன்கள் குளிரை விட்டு மேலே வாரா. எனவே கோடையில் ஏரிக்குள் ஆழத்திலேயே ஒரு தனி உலகம் நீந்திக்கொண்டிருக்கும். மேலே செல்லும் படகுக்கு அது எட்டாது.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி 64 மீட்டர் ஆழம். அங்கே சார் மீனைப் பிடிப்போர் துடுப்புப் படகின் இருபுறமும் இரு நெடுங்கோல்களை நீட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஈயக் கனம் கட்டிய தாய்க்கயிற்றை இறக்குவர். அதிலிருந்து இடைவெளி விட்டுக் கிளைக்கயிறுகள் பிரியும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் செம்போ பித்தளையோ தட்டிச் செய்த மின்னும் தகட்டிரை. எந்த ஆழத்தில் மீன் இருந்தாலும் ஏதோ ஒரு கிளை அதன் முன்னால் போகும். கோல் நுனியில் ஒரு மணி. மீன் கடித்தால் மணி ஒலிக்கும். அமெரிக்காவில் ஒன்டாரியோ ஏரியின் தென்கரையிலுள்ள ராச்செஸ்டர் ஊரைச் சேர்ந்த சேத் கிரீன் என்பவரின் பெயரால் ஏறக்குறைய இதே அமைப்பு இன்றும் வழங்குகிறது. 1864இல் நியூயார்க் மாநிலத்தில் மீன்குஞ்சுப் பண்ணை தொடங்கிப் புகழ்பெற்றவர் அவர்.

இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. மீன் சிக்கியபின் பிடிப்பவன் மீனோடு மட்டும் போராடுவதில்லை, குண்டோடும் போராடுகிறான். மீனின் துடிப்பு குண்டின் கனத்தில் அமுங்கிப்போகிறது. இதற்குக் கண்ட விடைதான் டவுன்ரிக்கர். படகின் விளிம்பில் ஓர் உருளை. அதில் சுற்றிய எஃகுக் கம்பி. கம்பியின் நுனியில் நான்கைந்து கிலோ எடையுள்ள குண்டு. தூண்டில் நூல் தனியே ஓடுகிறது. அந்த நூலை, குண்டின் அருகே ஒரு கவ்வியில் மெல்லப் பிடிக்கவைத்து, குண்டோடு சேர்த்து இறக்குவார்கள். மீன் இரையைப் பற்றி இழுத்த கணத்தில் நூல் கவ்வியிலிருந்து விடுபடும். அதன்பின் மீனுக்கும் கைக்கும் நடுவே வெறும் நூல்தான். குண்டு தன் கம்பியில் தனியே மேலேறிவிடும். எத்தனை அடி இறங்கியது என்பதை உருளையிலுள்ள எண்காட்டி சொல்லும்.

சுமப்பது ஒன்று, வேலை செய்வது வேறொன்று. சுமை தன் கடமை முடிந்ததும் விலகிவிட வேண்டும். இதுவே அக்கருவியின் உட்கருத்து. இதை எழுதும்போது நம் நினைவுக்கு வருவது கொற்கையும் மன்னாரும்.

முத்துக்குளிப்பவன் நீந்தித்தான் கீழே போனான் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிப் போனால் அவன் மூச்சில் பாதி இறங்குவதற்கே செலவாகிவிடும். படகிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்கும். ஒன்றில் துளையிட்ட கனத்த கல். சுமார் 15 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். மற்றொன்றில் சிப்பிகளை இடும் வலைக்கூடை. குளிப்பவன் கல்லின் மீது காலை ஊன்றிக்கொண்டு, மூக்கைப் பிடித்து, கயிற்றைத் தளரவிடச் சொல்வான். கல் அவனைச் சில நொடிகளில் அடியில் சேர்க்கும். சேர்ந்ததும் கல்லை விட்டு விலகுவான். மேலேயிருக்கும் துணையாள் உடனே கல்லை மட்டும் இழுத்துக்கொள்வான். ஒரு நிமிட அளவுக்குள் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டு, கூடைக்கயிற்றை அசைப்பான். அந்தக் கயிற்றோடு அவன் மேலே வருவான். கனம் ஏற்றிய கயிறு வேறு, உயிர் வரும் கயிறு வேறு. பாக்குநீரிணைக்குத் தெற்கே பல நூற்றாண்டுகள் நடந்த இத்தொழிலின் உத்தியும் அமெரிக்க ஏரிப் படகின் உத்தியும் ஒன்றே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று நாம் சொல்லவில்லை; அப்படிச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆழம் கேட்ட கேள்விக்கு இரு வேறு மக்கள் சொன்ன ஒரே விடை அது. தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

டவுன்ரிக்கர் பரவிய கதையும் சுவையானது. கடல் விலாங்கைப் போன்ற லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி கால்வாய் வழியே மேல் ஏரிகளுக்குள் புகுந்து, 1940களிலும் 1950களிலும் ஏரி டிரௌட்டை ஏறக்குறைய அழித்துவிட்டது. வேட்டையாடும் மீன் இல்லாமற்போகவே, ஏல்வைஃப் என்ற சிறுமீன் மிதமிஞ்சிப் பெருகி, செத்துக் கரைகளில் குவிந்து நாறியது. மிச்சிகன் மாநிலத்தின் மீன்துறையில் இருந்த ஹோவர்ட் டானர், பசிபிக் கடலின் கோஹோ சால்மன் குஞ்சுகளை 1966இல் ஆறுகளில் விடச் செய்தார். அடுத்த ஆண்டே சால்மன்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பின. சிறு படகுகளோடு மக்கள் ஏரியை மொய்த்தார்கள். ஆழத்து மீனை எட்டும் கருவிக்குத் தேவை பெருகியது.

துண்டு கோக்கும் முறை அதற்கு அடுத்த படி. மெல்லிய ஈயக் கம்பியை உள்ளே வைத்து மேலே நூலால் பின்னிய கயிறு ஒன்று உண்டு. பத்துக் கெசத்துக்கு ஒரு நிறமாக அதற்குச் சாயமேற்றியிருப்பார்கள். ஆகவே அங்கே மீன்பிடிப்போர் ஆழத்தை அடியால் சொல்லாமல் நிறத்தால் சொல்வார்கள். மெதுவாகச் செல்லும் படகில் ஒரு நிறம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறங்கும். கயிறு முழுவதும் ஈயமாக இருந்தால் பழைய குறைதான். மீனின் துடிப்பு கைக்கு எட்டாது. எனவே மூன்று நிறம், ஐந்து நிறம் என்று வேண்டிய அளவுக்கு மட்டும் வெட்டி, முன்னாலும் பின்னாலும் கனமில்லாத நூலை இணைக்கிறார்கள். இணைப்பதிலும் ஒரு கைத்திறம் உண்டு. துண்டின் நுனியில் ஒரு சாண் அளவு ஈயத்தை ஒடித்து உருவி எடுத்துவிட்டு, வெற்றுக்கூடான பின்னலுக்குள் நூலை நுழைத்து முடிச்சிட வேண்டும். ஈயத்தோடு முடிச்சிட்டால் முடிச்சு புடைத்துக் கோலின் வளையங்களில் தட்டும். படகு வளைந்து திரும்பும்போது உட்புறத்துக் கயிறு வேகம் குறைந்து இறங்கும், வெளிப்புறத்துக் கயிறு வேகம் மிகுந்து ஏறும். எந்தக் கயிற்றில் மீன் கடித்தது என்று பார்த்தே, மேலே தேடுவதா கீழே தேடுவதா என்று தீர்மானிப்பார்களாம். நம் மாணவர் எழுதிய செய்திகளில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி நம் ஏரிக்கு வருவோம். நம் மாவட்டத்தின் பேரேரி வீராணம். முதற் பராந்தகன் காலத்தில் அவனுடைய வீரநாராயணன் என்ற பெயரால் வெட்டப்பட்டது. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவதும் இதன் கரையில்தான். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம். நீளத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். ஆழம் சில மீட்டரே. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரியும் அப்படியே. நம் ஏரிகள் பள்ளத்தாக்குகளில் தேங்கியவை அல்ல. சமவெளியில் கரை கட்டி நிறுத்திய நீர்ப்பரப்புகள். காற்றடித்தால் அடிவரை கலங்கும். மேலும் கீழும் வெயிலின் சூடுதான். குளிரைத் தேடி அடியில் ஒளிய வேண்டிய மீனும் இங்கே இல்லை. ஒளியக் குளிரும் இல்லை. விரால் தாமரையடியில் இருக்கிறது, கெளுத்தி சேற்றில் இருக்கிறது, கெண்டை எங்கும் இருக்கிறது. வலையும் குறுங்கோலும் போதும். பெரும்பாணாற்றுப்படையின் தூண்டிலில் ஏன் குண்டு இல்லை என்பதற்கு ஏரியின் அமைப்பே உரை எழுதியிருக்கிறது.

ஆங்கிலேயரும் இதைக் கண்டுகொண்டார்கள். தென்கன்னடத்திலும் தஞ்சையிலும் கலெக்டராக இருந்த எச். எஸ். தாமஸ், இந்தியத் தூண்டில் முறைகளைப் பற்றி 1873இல் ஒரு நூல் எழுதினார். குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887இல் வேறொரு நூலும் எழுத நேர்ந்தது. சீமையில் கற்ற வித்தை நம் குளத்தில் அப்படியே செல்லாது என்பதற்கு அந்த இரண்டாம் நூலே சான்று. நீலகிரியில் டிரௌட்டைக் குடியேற்ற 1860களில் பிரான்சிஸ் டே முயன்றார், பலிக்கவில்லை. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைத்த எச். சி. வில்சன் காலத்தில்தான் அம்மீன் வேரூன்றியது. ஆனால் உதகையிலும் கொடைக்கானலிலும் உள்ளவை மனிதர் அணைகட்டி உண்டாக்கிய ஆழமற்ற ஏரிகள். கனத்த குண்டுக்கு அங்கும் வேலையில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின்தான் தமிழ்நாட்டில் உண்மையான ஆழமுள்ள நன்னீர்ப் பரப்பு ஒன்று தோன்றியது. பரிசலில் செல்லும் அங்குள்ள மீனவர் ரங்கூன் வலையையும், வாளைக்கு நெடுங்கயிற்றுத் தூண்டிலையும் கையாண்டனர். ஆழம் இருந்தும் இழுதூண்டில் அங்கே வேண்டப்படவில்லை. நம் வெப்பத்தில் தேங்கிய ஆழ்நீரில் உயிர்க்காற்று குறைந்துவிடும். மீன் அடியில் தங்குவதில்லை.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல் பாக்கி. அறுந்து விழுந்த சிறு குண்டுகளைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. இங்கிலாந்தில் அன்னங்கள் இவ்வாறு மடிவதைக் கண்டு, 1987இல் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தார்கள். அங்கே இப்போது டங்ஸ்டனும் எஃகும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. கெடிலக் கரைச் சிறுவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: குண்டைக் குறட்டால் நசுக்குங்கள், பல்லால் கடிக்காதீர்கள்.

பெயருக்கு வருவோம். டவுன்ரிக்கருக்கு இறக்குக்குண்டு என்றும், ஈயம் பொதிந்த நூலுக்கு ஈயநரம்பு என்றும் எழுதலாம் என்று மாணவருக்கு விடை எழுதினோம். நரம்பு மக்கள் வழங்கும் சொல். நாம் ஆக்கியது அன்று. நைலான் நூலுக்கு இன்னொரு பெயரும் நம்மிடையிலும் ஈழத்திலும் வழங்குகிறது: தங்கூசி. தூய தமிழ்ச்சொல் போல ஒலிக்கிறது. தங்கமும் ஊசியும் சேர்ந்ததென்று பிரித்துப் பொருள் சொன்னவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்! மலாயில் தூண்டில் நூலுக்கு வழங்கும் 'தாங்சி' என்ற சொல்லே கடல்வழி வந்து இப்படி உருமாறியது என்பது நம் கருத்து. சிங்களத்தின் 'தங்கூஸ்' என்ற வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கீழைக் கடலுக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்த சரக்குகளில் சொற்களும் இருந்தன.

அகராதிகள் முள், தக்கை போன்றவற்றைப் பொதுப்பொருளில் தருகின்றன. தூண்டிற்காரன் வாயில் அவை பெறும் தனிப்பொருள் பல இடங்களில் விடுபட்டிருக்கிறது. குண்டுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கக்கூடும். முள்ளின் உட்பக்கத்து எதிர்க்கூருக்கு, கோலின் நுனிக்கு, இரை குத்தும் முறைக்கு, மீன் கடித்துவிட்டு நழுவுவதற்கு என்று தனித்தனிச் சொற்கள் இல்லாமல் இவ்வளவு பழைய தொழில் நடந்திருக்க முடியாது. வீராணம், பெருமாள் ஏரி, கொள்ளிடம், பிச்சாவரம் பக்கத்து அன்பர்கள் தம் ஊரில் கேட்ட சொற்களைப் பொருளோடு எழுதி அனுப்பினால், ஊர்ப்பெயருடன் தொகுத்து இங்கேயே வெளியிடுவோம். நெல்லிக்குப்பத்துக் கணக்கில் இதுவரை நான்கு சொற்கள் சேர்ந்துள்ளன: முள், நரம்பு, தக்கை, குண்டு.